தேதி போடாத கல்யாணப் பத்திரிகை

எங்கள் தீவில் லம்பா லைன் பக்கம் குடியிருந்த சிலுவைராஜ் மரப்படகு கட்டும் தச்சர். கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அந்த வருஷம் விசாவுக்காக அவர் பட்ட பாட்டை நாம் பட்டிருந்தால் நமக்கும் அந்தப் பெயர்தான் கிடைத்திருக்கும்.

மன்னாரில் வாழ்க்கைப்பட்ட தங்கை கிரேசிக்கு ஒரே மகள் செலின். தகப்பன் கடலோடு போய்விட்டான். கல்யாணத்தன்று மகளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போகத் தாய்மாமன்தான் வர வேண்டும் என்று கிரேசி ஒற்றைக் காலில் நின்றாள்.

சிலோனுக்குப் போகப் பாஸ்போர்ட், விசா, அம்மை ஊசிச் சான்று, சிரிக்காமல் எடுத்த போட்டோ, கல்யாணப் பத்திரிகை என்று ஆயிரம் கேட்டார்கள். சிலுவைராஜ் எல்லாவற்றுக்கும் அலைந்தார். அங்கே கொடுக்க வேண்டிய பொறுப்புக் கடிதத்துக்காகத் தங்கைக்கும் ஒரு போட்டோ அனுப்பினார்.

பத்திரிகை வந்தது. அச்சில் எல்லாம் இருந்தது, தேதியைத் தவிர. அண்ணனுக்கு விசா கிடைத்த பிறகே நாள் குறிப்பதென்று கிரேசி அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்! மெட்ராசுக்குப் போன விண்ணப்பம் அடுத்த கப்பலிலேயே திரும்பி வந்தது.

அபர்தீன் பஜாரில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் பன்னீர்செல்வத்திடம் பாய்ந்தார்.

"ஏம்வே, நீரு தேதி வேணும்ங்கீரு. தங்கச்சி விசா வேணும்ங்கா. நான் யார் கால்ல விழ?"

"அண்ணே, என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? தேதி போட்ட காகஜ் இல்லாம குச் நஹி ஹோகா, ஒண்ணும் நடக்காது."

"அப்ப பிள்ளை கையப் பிடிச்சு அந்த ஆபீஸ்காரனையே கூட்டிட்டுப் போகச் சொல்லும்!"

பஜாரே சிரித்தது. அவருக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தவக்காலம் நெருங்கியது. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. அது முடியும்வரை பொறுக்க மாப்பிள்ளை வீட்டார் தயாரில்லை. கிரேசி மனசே இல்லாமல் தேதி போட்டு அனுப்பினாள். அந்தப் பத்திரிகை இங்கே வந்து, இங்கிருந்து மெட்ராஸ் போய், விசாவும் கிடைத்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பாஸ்போர்ட்டைக் கொண்டுவர வேண்டிய கப்பல் எஞ்சின் பழுதாகி மெட்ராசிலேயே நின்றது. சிலுவைராஜ் தினமும் சாத்தம் ஜெட்டிக்குப் போய் வெறுங்கடலைத் திட்டிவிட்டு வந்தார். கல்யாண நாளும் வந்து போனது.

கடைசியில் கப்பல் வந்தபோது, ஒரே தபால் மூட்டையில் பாஸ்போர்ட்டும் வந்தது, மன்னாரிலிருந்து கல்யாணப் படமும் வந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனார்.

"விசா இன்னும் செல்லும் அண்ணே. ஒரு எட்டு பாத்துட்டு வாங்க," என்றார் பன்னீர்செல்வம்.

"இனி போயி யார் கையப் பிடிக்க?"

படத்தை மேசையில் வைத்தார். கோயில் வாசலில் செலின். இடக்கையில் பூச்செண்டு. வலக்கையில், விரல்களுக்கு நடுவே, மாமன் அனுப்பிய அந்தச் சின்ன போட்டோ.

பன்னீர்செல்வம் படத்தை எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"சிரிக்கக் கூடாதுன்னுட்டீரே வே," என்றார் சிலுவைராஜ். "பிள்ளை கல்யாணத்துல மொறைச்சிக்கிட்டு நிக்கேன் பாரும்."