இரண்டு வாளிக் கல்வாழை

என் வீட்டுக்காரர் போனபோது நான் அழவில்லை. வந்தவர்களுக்கு அது ஒரு குறை. எதிர்வீட்டு அக்கா தோளைப் பிடித்து உலுக்கிக்கூடப் பார்த்தாள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே வரும்? பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் பஸ் ஏறினார்கள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் செங்கம் ரோட்டுப் பக்கம் விடுதிகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுப்பவர். கல்வாழை என்றால் பைத்தியம். சாக்கடை ஓரத்தில் வளர்கிற செடிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் கேட்காத நாளில்லை. சிரித்துக்கொண்டே, பூக்காத செடியின் இலையைத் திருப்பிக் காட்டுவார். ஓரத்தில் மெல்லிசாகச் செங்கோடு ஓடினால் பெரும்பாலும் சிவப்புப் பூ. இலையே கருஞ்சிவப்பு என்றால் ஆள் உயரம் போகும், சுவர் ஓரத்துக்கு ஆகும். மஞ்சள் வரி போட்ட இலை நடுவில். குட்டை ரகம் முன்னால். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதுதான் இத்தனையும் சொல்வார்.

அவர் போனபோது ஒரு விடுதி வேலை பாதியில் நின்றிருந்தது. அந்த விடுதியை நடத்துகிற பெண் வந்து, அவசரமே இல்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நானே நட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

கொல்லையில் நாலு சாக்கில் கிழங்கு இருந்தது. எந்தச் சாக்கிலும் ஒரு சீட்டு இல்லை. அவருக்கு எதற்குச் சீட்டு? முளையின் நிறம் பார்த்துக் கருஞ்சிவப்பைப் பிரித்தேன். வரி இலையும் தெரிந்தது. மீதி இரண்டு சாக்கும் ஒரே பச்சை. கிழங்கு சின்னதாக இருந்ததைக் குட்டை என்று முடிவுகட்டி முன் வரிசையில் நட்டேன். இரண்டு மாதத்தில் அது என் தலைக்கு மேலே போய் நின்றது. பின்னால் இருந்த எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் பாவம் பார்த்து வாயே திறக்கவில்லை. அந்தப் பாவம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும் தோண்டி மாற்றி நட்டேன்.

விடுதி கேட்டின் இரண்டு பக்கமும் மட்டும் காலியாக இருந்தது. அங்கே 'வெண்ணெய்' வைத்துத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அது அவரே விதையிலிருந்து எடுத்த செடி. குண்டு போல விதை, தோலை அரத்தில் தேய்த்தால்தான் முளைக்கும். ஒடுங்கிய இலை, தண்டில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மாவு, புள்ளியில்லாத வெளுத்த மஞ்சள் பூ. வேறு யாரிடமும் கிடையாது. எங்கள் குளியலறைத் தண்ணீர் போய் விழுகிற இடத்தில் ஒரே ஒரு தூர், அவ்வளவுதான். அது போனால் அதோடு சரி.

சித்திரை மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலக் கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் கிழங்கு எடுத்துப்போக வந்தாள். இருவரும் கொல்லைக்குப் போனோம். தூர் முழுக்கக் காய்ந்து சுருண்டு கிடந்தது. தினமும் அந்தப் பக்கம்தான் துணி காயப்போடுகிறேன், பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள். கிழங்கு வற்றிய இஞ்சி மாதிரி இருந்தது. ஓரமாக ஒரே ஒரு முளை, விரல் நீளம்.

"தண்ணி கம்மியாயிடுச்சுங்கம்மா. ஊருக்கு எங்கனா போயிருந்தீங்களா?"

நான் எங்கேயும் போகவில்லை. குளிக்காமலும் இருந்ததில்லை. காலையில் ஒரு வாளி, வழக்கம்போல. அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அவர் காலையில் ஒரு வாளி, வேலை முடிந்து வந்து ஒரு வாளி குளிப்பார். முப்பது வருஷம் அதற்காகத் திட்டியிருக்கிறேன். தொட்டி காலியாகிறது, நீ என்ன கோயில் யானையா என்று கதவைத் தட்டியிருக்கிறேன். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம்தான் பதிலாக வரும். செடியை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கொடியிலிருந்த துணியைப் பிடித்துக்கொண்டேன்.

"இது மட்டும் இங்கயே இருக்கட்டும்மா" என்றேன். "பொழைச்சா பார்க்கலாம்."

அவள் முளையைச் சுற்றி மண்ணை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அவருடைய நீல வாளி குளியலறை மூலையில் கவிழ்ந்தே கிடந்தது. மூன்று மாதமாக அதை நகர்த்தித்தான் கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்த்தி, சிலந்தி வலையைத் துடைத்து, குழாயடியில் வைத்தேன். நிரம்பியதும் சொம்பு சொம்பாகத் தரையில் ஊற்றினேன், அவர் ஊற்றுகிற வேகத்தில். தண்ணீர் ஓட்டை வழியாகக் கொல்லைக்குப் போனது. அப்போதுதான் அழுதேன்.

சாயங்காலம் இன்னொரு வாளி பிடித்தேன்.