முனியன் ஒதுங்கி நடக்கும் கொல்லை

கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் கந்தசாமியின் கொல்லையில், காவல்காரர் முனியன் நேராக நடந்து நான் பார்த்ததில்லை. ஆறடி நடப்பார், ஒதுங்குவார், மறுபடி ஆறடி. சாராயம் என்று ஊர் சொல்லும். ஊர் நாக்குக்கு நரம்பு ஏது? அவர் ஒரு சொட்டு தொட்டதில்லை.

எண்பத்தைந்தில் அங்கே ஆறடிக்கு ஒன்றாக அறுநூறு தேக்கங்கன்று வைத்தார்கள். முதல் கோடையில் கிணறு வற்றிப்போக, முனியனின் மனைவி சின்னப்பொண்ணு ஓடையிலிருந்து குடம் குடமாகத் தூக்கி ஒன்றுவிடாமல் ஊற்றினாள். பிள்ளை இல்லாத வீடு அது. மறு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு முனியனுக்கு மிச்சம் என்று இருந்தது அந்த மரங்கள்தான்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள். தேக்கின் அடித்துளிர்களைக் கழித்துக் கவாத்து செய்யச் சின்னசேலத்திலிருந்து வரவேண்டிய ஆட்கள் வரவில்லை. கந்தசாமி ஒரு களைக்கொல்லியைக் கொடுத்து, மரத்தடியில் வெடித்த பச்சைத் துளிர்களில் மட்டும் அடிக்கச் சொன்னார். பட்ட இடம் கருகும், முற்றிய பட்டைக்கு ஒன்றும் ஆகாது என்றார். இரண்டு நாளில் பாதிக் கொல்லை முடிந்தது. துளிர்கள் கருகின, மரங்கள் சொன்னபடி நின்றன.

மூன்றாம் நாள் காலை மறியலுக்கு மரம் தேடி, கோடாலியோடு நாலு பேர் வந்தார்கள். முனியன் முதல் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவர்களில் மூத்தவன் ஒரு தேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"இது இன்னா, சைக்கிள்காரன்கூட தாண்டிப் பூடுவான். வளரட்டும், உடுங்கடா."

போய்விட்டார்கள். அந்தச் சந்தோஷமே எமனாக வந்து நின்றது. மீதியையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று முனியனுக்குக் கை பரபரத்தது. மருந்தோ தீர்ந்திருந்தது; கடைக்குப் போக வழியில்லை. மோட்டார் கொட்டகையில் கோரைப்புல்லுக்கு வாங்கிய இன்னொரு டப்பா கிடந்தது. களையைக் கொல்வதெல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தார். அது துளிர் வழியாக வேருக்கு இறங்கும் மருந்து. அதை மீதிப் பாதிக்கும் அடித்தார். ஏற்கெனவே முடித்த பாதியிலும், விட்டுப்போன துளிர்களைத் தேடித் தேடி அடித்தார்.

பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இலைகள் வெளுத்தன. பொங்கலுக்குள் அத்தனையும் நின்றபடியே காய்ந்தன. கந்தசாமி வாய்க்கு வந்தபடி திட்டினார், ஆனால் விரட்டவில்லை. வேரோடு பிடுங்கிவிட்டு மரவள்ளி வைத்தார். எனக்கு இன்றும் அவர்மேல்தான் கோபம். இரண்டு டப்பாவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முனியனிடம் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளமாட்டார், வேறு பக்கம் பார்ப்பார்.

போன மாசியில் மரவள்ளி பிடுங்கிய வெறுங்கொல்லையில் அவரோடு குறுக்கே நடந்தேன். நான் நேராகப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வெட்ட வந்தவனே உட்டுட்டுப் பூட்டான் தம்பி. நான் உடல," என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒதுங்கி வாங்க. அவ இன்னும் தண்ணி ஊத்திக்கினு இருக்கா."

எதிரே மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. நான் ஒதுங்கி நடந்தேன்.