சைரன் அடித்தால் மைதானம் காலி

அமெரிக்காவின் கேட்டி நகரில் ஒரு பூங்கா, சனிக்கிழமை காலை. துவாலு என்ற குட்டித் தீவு நாட்டிலிருந்து அமெரிக்கா வந்திருக்கும் கால்பந்து கிளப்போடு, என் அண்ணன் மகன் செந்திலும் அவன் சாஃப்ட்வேர் நண்பர்களும் மோதுகிறார்கள். தீவுக்காரர்கள் ஏழு கோல் போட்டாயிற்று. நம்மவர்களுக்கு மூச்சு வாங்குவதற்கே நேரம் சரியாக இருக்கிறது.

சாலையில் ஓர் ஆம்புலன்ஸ் சைரனோடு போகிறது. உடனே பதினொரு தீவுக்காரர்களும், கோல்கீப்பர் உட்பட, ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடுகிறார்கள்.

"என்ன தம்பி, கோவிச்சுக்கிட்டாங்களா?" என்று பக்கத்தில் நிற்கும் செந்திலின் நண்பன் பிரபுவைக் கேட்கிறேன்.

"இல்ல அங்கிள். அவங்க ஊர்ல ரன்வே மேலதான் ப்ராக்டிஸ் பண்ணுவாங்களாம். சைரன் அடிச்சா ஃப்ளைட் லேண்ட் ஆகப்போகுதுன்னு அர்த்தம். பழக்க தோஷம்!"

இப்போது பந்து செந்திலின் காலடியில். எதிரே ஆளே இல்லாத கோல். "அடி மச்சி!" என்று பிரபு அலறுகிறான். செந்தில் நாலடி பின்னால் போய், ஓடிவந்து, முழு பலத்தோடு உதைக்கிறான்.

ஓரத்தில் தீவுக்காரர்கள் அண்ணாந்து விமானத்தைத் தேடுகிறார்கள். கோல் கம்பத்துக்கு மேலே வெகு உயரத்தில் பறந்துபோகிறது செந்திலின் பந்து.