காலிக் காரும் கரூர் பஸ்ஸும்

குழந்தைகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். திருப்பூரில் குழந்தைத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர் கேட்பதைத் தைக்கிறவர்களிடம் சொல்வதும், தைக்கிறவர்கள் சொல்லும் சாக்குகளைப் பையரிடம் நயமாகச் சொல்வதும்தான் தொழில். மூன்று மாதக் குழந்தைக்குக் கழுத்துச் சுற்றளவு எத்தனை, ஆறு மாதத்தில் தொடை எவ்வளவு பருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் பார்த்த குழந்தைகள் எல்லாம் கேட்லாக்கில் இருந்தவை. அவை ஒருநாளும் அழுததில்லை.

என் மகள் அழுதாள். காரில் மட்டும்.

வீட்டில் அவளைப் போல் சமர்த்து கிடையாது. நாங்கள் குடியிருப்பது ஒரு சின்னத் தையல் யூனிட்டுக்கு மேல்மாடியில். டீ நேரம் ஆனால் கீழேயிருந்து பெண்கள் படியேறி வந்து, "எங்கீங்க எங்க தங்கம்?" என்று அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கால் மணி நேரத்தில் பத்துப் பதினைந்து கை மாறி, தலையெல்லாம் நூல் பிசிறோடு திரும்பி வருவாள். அவளுக்கு அது தினப்படி ஊர்வலம். அப்படிப்பட்டவள், கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும் மூச்சைப் பிடித்து ஒரு அழுகை ஆரம்பிப்பாள் பாருங்கள், கீழே யூனிட்டில் மெஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்ப்பார்கள். நான்தான் அடித்துவிட்டேன் என்று நினைப்பார்கள்.

கார் செகண்ட் ஹேண்ட். அதில் குழந்தைக்கென்று தனி இருக்கை ஒன்றை வாங்கி, பெல்ட் எல்லாம் போட்டு, பின்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டி வைத்திருந்தேன். இருக்கைக்கு ஆன செலவில் காரின் நாலு டயரையும் மாற்றியிருக்கலாம் என்று மனைவி சொன்னாள். "சேஃப்டி அம்மிணி, சேஃப்டி" என்றேன். ஏற்றுமதிக்காரன் இல்லையா.

காரில் அழுதால் தூக்கிக்கொண்டு நடந்தே போவதுதானே என்று கேட்கலாம். போக வேண்டிய இடம் வெள்ளகோவில் பக்கம். அங்கேதான் என் மாமனார் இருந்தார், பேத்தியைக் கண்ணால் காணாமல்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் பெண்ணின் பிறந்த வீட்டில்தான். என் மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தாலும் மாமனார் விடவில்லை. மகளுக்கென்று ஒரு அறைக்கு வெள்ளையடித்து, கொசுவலை கட்டி, சமையலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சியை வரச் சொல்லி எல்லாம் ஏற்பாடு செய்தார். மகள் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது மாட்டுக் கட்டுத்தரையில் அவர் சாணியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தவரிடம், "மாடு தள்ளிருச்சுங்களா மாமா?" என்று கேட்டேன். வலியிலும் அவருக்குக் கோபம் வந்தது. "மாடு ஒண்ணும் பண்ணலீங்க மாப்ள. அது பாட்டுக்கு நின்னுச்சு. நாந்தான் வழுக்குனேன்" என்றார்.

ஆகவே பிரசவம் திருப்பூரிலேயே ஆனது. மாமனாரை வண்டியில் உட்கார வைத்து அலைக்கழிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் பேத்தியைப் பார்த்ததெல்லாம் போனில்தான். அதிலும் முக்கால்வாசி நேரம் அவருடைய நெற்றி மட்டுமே எங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டு மின்விசிறி மட்டுமே அவருக்குத் தெரியும்.

மூன்றாம் மாதத்தில் ஒருநாள், குழந்தையின் இடுப்பளவு வேண்டும் என்று கேட்டார். பேத்தி முதல்முதலாக அப்புச்சி ஊட்டுக்கு, அதாவது அவர் வீட்டுக்கு, வரும்போது வெள்ளியில் அரணாக்கொடி செய்து கட்ட வேண்டுமாம். நான் இன்ச் டேப்பை எடுத்து மூன்று தடவை அளந்து, "கால் இஞ்ச் கூடக்கொறைய இருக்கலாமுங்க மாமா" என்று அனுமதியும் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வருவதாகச் சொன்னோம்.

அந்த ஞாயிறு நல்லூர் வரை போனோம். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். குழந்தை அழுத அழுகையில் முகம் நீலம் பாரித்துவிட்டது. திரும்பினோம்.

பையர் கம்ப்ளைன்ட் அனுப்பினால் மூல காரணம் என்ன என்று ஒரு தாள் எழுதி அனுப்புவது எங்கள் தொழில் வழக்கம். நான் எழுதினேன். காரணம்: சட்டையின் ஓரத்தில் இருக்கும் துவைப்புக் குறிப்பு லேபிள். பதினோரு மொழியில் அச்சடித்து ஒரு சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும் அது, பெல்ட்டுக்கு அடியில் உறுத்துகிறது. நானே ஒப்புதல் கொடுத்த லேபிள். எல்லாச் சட்டையிலும் உட்கார்ந்து வெட்டினேன். இரண்டாம் ஞாயிறு அதே நல்லூர். அதே அழுகை. பதினோரு மொழிக்கும் அதில் சம்பந்தம் இல்லை என்று தெளிவானது.

மூன்றாவது தடவை புறப்படுவதற்குள் பல வாரம் போய்விட்டது. எனக்கே காரை எடுக்கப் பயம். இந்தத் தடவை கீழ் யூனிட்டின் தையல் மெஷின் சத்தத்தைப் போனில் பதிந்து, கார் ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். கடகடவென்று பத்து மெஷின் காருக்குள் ஓடியது. குழந்தை கப்பென்று அழுகையை நிறுத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். நல்லூர் தாண்டியது! நான் கண்ணாடியில் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அந்த நொடியில் போன் வந்து, மெஷின் சத்தம் நின்று, ஸ்பீக்கர் முழுக்க எங்கள் முதலாளியின் குரல்: "ஏனுங்க, அந்த ஷிப்மெண்ட் என்னாச்சுங்க?"

குழந்தை வீறிட்டாள். அந்தக் கேள்விக்கு எங்கள் கம்பெனியில் யாரும் அதுவரை அவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னதில்லை.

அன்றும் திரும்பினோம். வீடு வந்ததும் மனைவி அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்து, "இன்னைக்கும் ஆகலீங்கப்பா" என்றாள். எதிர்முனையில், "பரவால்ல கண்ணு. கொழந்தைய அழுக உட்டுக்கிட்டு எதுக்கு? நா எங்க போயிறப் போறேன்" என்பது எனக்கும் கேட்டது. போனை வைத்தவள் சமையலறைக்குள் போய் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். நான் ஜோக் அடிக்க வாயெடுத்து, எனக்கே அதிசயமாக, மூடிக்கொண்டேன்.

நாலாவது தடவை குழந்தைக்கு ஏழு மாதம். இப்போது நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. பாட மட்டும் பாடினேன். நல்லூரில் சிக்னலுக்கு முன் வண்டிகள் தேங்கி நின்றன. மகளோ உச்சத்தில். மனைவி காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கினாள். பக்கத்தில் ஒரு கரூர் பஸ், ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏ அம்மணி! ஏஞ்சாமி இப்படி அழுகறே? ஆரு பாட்டுப் பாடறது, உங்கொப்பனா? அப்பறம் அழுகாம என்ன பண்ணுவே!"

பஸ்ஸின் நாலு ஜன்னலில் நாலு தலை முளைத்தது. ஒருவர் நாக்கைத் துருத்தினார். ஒரு வடநாட்டுப் பையன் இந்தியில் ஏதோ கொஞ்சினான். மகள் விக்கலோடு நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். என் காருக்குள் நடந்த முதல் சிரிப்பு.

நான் அதை ரசித்துக்கொண்டிருக்கையில் பின்கதவு திறந்தது. மனைவி பெல்ட்டைக் கழற்றிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"ஏனுங்க, நாங்க இதுல போறோம். நீங்க பின்னாடியே வாங்க."

"அம்மிணி, பை? பால்? டயப்பர்?"

"அதான் கார் இருக்குதில்லீங்க" என்றாள், படியில் ஏறியபடி.

இப்படியாக நான் கரூர் பஸ்ஸுக்குப் பின்னால், ஒரு டயப்பர் பையோடும் காலியான குழந்தை இருக்கையோடும், ஏசி போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. முதலில் அந்தப் பெண்ணின் தோளில் மகளின் தலை தெரிந்தது. படியூர் வருவதற்குள் வடநாட்டுப் பையனிடம் போயிருந்தாள். அப்புறம் கடைசி இருக்கையில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் அவளைக் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்திக் காரைக் காட்டினார். மகள் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். கார் கொஞ்சம் ஆடியது. அவள் கொட்டாவி விட்டாள்.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றதும் காரை ஓரங்கட்டிவிட்டுப் பால் பாட்டிலோடு ஓடி ஏறினேன். கண்டக்டர் கையை நீட்டினார்.

"டிக்கெட்டுங்க?"

"இல்லீங்க, நா பின்னாடி கார்ல வர்றேன்."

"எதுக்குங்க?"

"அந்தக் கொழந்தைக்கு அப்பனுங்க" என்று பரிதாபமாகச் சொன்னேன். "அட, அந்தப் பாட்டுக்காரரா!" என்றார். பஸ் முழுக்க விஷயம் பரவியிருந்தது. மகள் என்னைச் செக்கிங் இன்ஸ்பெக்டரைப் போல ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

காங்கேயம் தாண்டியதும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைகளின் லட்சணம் இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமனார் வீடு வெள்ளகோவிலுக்கு முன்னாலேயே, மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. முன்னால் போய் நின்று, பஸ்ஸிலிருந்து இறங்கும் மகளை நானே கை நீட்டி வாங்கலாமே! ஹாரன் அடித்து பஸ்ஸை முந்தினேன்.

மாமனார் வாசல் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெட்டுக் காயத்தோடு புதுச் சவரம். காரைப் பார்த்ததும் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். நான் இறங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் காருக்குள் பார்த்தார். குழந்தை இருக்கை, அதில் பெல்ட் தொங்குகிறது. வேறு யாரும் இல்லை.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. மெதுவாக மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, "வாங்க மாப்ள" என்றார். "பரவால்லீங்க. கொழந்தை அழுகும், என்ன பண்றது. நீங்களாச்சும் வந்தீங்களே. காப்பி குடிங்க மொதல்ல."

"இல்லீங்க மாமா, வர்றாங்க! பஸ்ல வர்றாங்க!"

"பஸ்லயா?" காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் தணிந்தது. "கார் இருக்கறப்ப எதுக்குங்க பஸ்ல? ஏதாச்சும் சண்டைங்களா மாப்ள?"

"ஐயையோ, இல்லீங்க மாமா. நா பாடுனேன், அவ எறங்கிட்டா."

இதை எந்த மாமனாரும் நம்பமாட்டார். ஒரு பஸ் வந்தது; நிற்காமல் போனது. இரண்டாவதும் போனது. அவர் ரோட்டைப் பார்க்காமல் வாக்கரின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிஷத்தில், பஸ்ஸை முந்திய குற்றத்துக்காக என்னை நானே பலமுறை ரிஜெக்ட் செய்தேன்.

கரூர் பஸ் எட்டத்தில் வரும்போதே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. சரியாக வாசலில் நின்றது. நான் கை நீட்டிக்கொண்டு ஓடினேன். கண்டக்டர் குழந்தையோடு இறங்கி, என்னைச் சுற்றிக்கொண்டு நேரே நாற்காலிக்குப் போய்விட்டார். "நீங்கதான் அப்புச்சிங்களா? புடியுங்க உங்க பேத்திய. வழியெல்லாம் ஒரு சத்தமில்லீங்க. டிக்கெட்டு வாங்காத ஒரே ஆளு" என்று மடியில் வைத்தார். ஜன்னலெல்லாம் கைகள் ஆடின. மனைவி கலைந்த தலையோடு இறங்கி வந்தாள். பஸ் போய்விட்டது.

மாமனார் பேத்தியை மடியில் நேராக உட்கார வைத்தார். மகள் அவருடைய சட்டைப் பொத்தானை ஆராய்ந்தாள். அப்புறம் சவரக் காயத்தைத் தொட்டாள். தொடட்டும் என்று அவர் முகத்தைக் குனிந்து கொடுத்தார்.

அரணாக்கொடி அவருடைய சட்டைப்பையிலேயே, ஒரு மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. மனைவி அதைக் கட்ட எடுத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அது மூன்றாம் மாத அளவு. நான் கொடுத்த அளவு. இப்போது ஏழு மாதம். எட்டாது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன்.

கனகச்சிதமாகப் பொருந்தியது.

குனிந்து பார்த்தேன். கொக்கியை ஒட்டி மூன்று கண்ணிகள் மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருந்தன. அந்த மூன்றிலும் ஒன்றுக்கொன்று நிறம் ஒட்டவில்லை. எங்கள் கம்பெனியில் துணி இப்படிச் சாயம் மாறி வந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவோம்.

"இது என்னுங்க மாமா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார், பேத்தியின் தலையிலிருந்த நூல் பிசிறை எடுத்தபடி. "நீங்க வர முடியலைன்னு சொல்ற ஞாயித்துக்கெழமையெல்லாம் ஆசாரிய வரச் சொல்லி ஒரு கண்ணி எச்சாச் சேத்திக்கிட்டேன். கொழந்தை வளந்துக்கிட்டே இருக்குமில்லீங்க."

மனைவி வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

மாமனார் காரை ஒரு பார்வை பார்த்தார். "போறப்பவும் பஸ்தானுங்களா மாப்ள?"

"ஆமாங்க மாமா."

"அப்ப இது?"

"பை தூக்கறதுக்குங்க."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலித்திருக்கும். மடியிலிருந்த மகளும் குலுங்கினாள், வண்டியில் போவது போல. அழவில்லை.