நில் ரிப்போர்ட்

அவள் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் பொறுமை எனக்கில்லை. திருத்தணியில் எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். பேச்சுப்போட்டி என்றால் எழுதுவது நான், பேசுவது அவள். மேடையேறினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவளுக்கோ மைக்கைக் கண்டால் பசித்தவளுக்கு இலை போட்ட மாதிரி. நான் எழுதிக் கொடுத்ததை நாலு தரம் படித்துவிட்டு, அந்த நிமிஷம் தன் மனதில் தோன்றியதைப் போலப் பேசுவாள். கோப்பையோடு இறங்கி வந்து, "நீ எழுதினதுடி" என்று எனக்கு ஓர் இலந்தவடை வாங்கித் தருவாள். கோப்பை அவள் வீட்டுக்குப் போகும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

பிறகு நான் பயிற்சி முடித்துக் கிராம சுகாதார செவிலியர் ஆனேன். பொதட்டூர்பேட்டைப் பக்கம் நாலைந்து ஊர்கள் என் பொறுப்பு. தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வருவேன். அவள் சென்னையில் ஒரு கட்சிக்காரர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். சில வருஷங்களில் ராஜ்யசபா எம்.பி. ஆகிவிட்டாள். ஓட்டுக் கேட்டு வெயிலில் ஒரு தெருகூட நடக்காமல்! நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, கே.ஜி.கண்டிகை முக்கில் இருந்த டீக்கடைச் சுவரில், அவள் கை கூப்பிச் சிரிக்கும் போஸ்டரை ஒட்டினார்கள். காலையில் டீயோடு அந்த முகத்தையும் விழுங்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போனேன்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் எனக்கு மருத்துவ முகாம் டியூட்டி. காவடி எடுத்து வந்தவர்களின் கொப்புளக் கால்களுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். நாலு கார்கள் வந்து நின்றன. பட்டுப்புடவையோடு இறங்கியவள், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, டிஞ்சர் கறை படிந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, இளைச்சுட்டே? இங்க பொம்பளைங்களுக்கு இன்னா கஷ்டம்னு எனக்கு எழுதி அனுப்புடி. நான் பார்லிமென்ட்ல பேசறேன்."

நானும் எழுதினேன். பொறாமைக்காரிக்கு வெட்கம் ஏது? என் எழுத்து டில்லியில் ஒலிக்கும் என்ற நப்பாசைதான் காரணம்.

எழுத ஒரு விஷயமும் இருந்தது. தறிகாரர்கள் தெருவில் என்னை அடிக்கடி மோர் குடிக்கக் கூப்பிடுகிற ஓர் அக்கா உண்டு. நாலு பிள்ளை பெற்றவர். ஒவ்வொரு பேற்றுக்குப் பிறகும் ஒரு மாதம்கூடப் படுத்ததில்லை, நூல் சுற்றிய கனத்த பாவு உருளையைத் தூக்கி மாட்டப் போய்விடுவார். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"கீழ எறங்கிக்கினு வருது நர்ஸம்மா. லுங்கித் துணிய உருட்டி வெச்சிக்கினு தறியில நிக்கிறேன். எட்டு வருசமா."

கர்ப்பப்பை இறங்கியிருந்தது. டாக்டர் ஆண் என்பதால் காட்டவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். பத்து நாள் தறி நின்றால் வீட்டில் உலை கொதிக்காது, கூடப் போகவும் ஆளில்லை. அவர் சொன்ன தைரியத்தில் அதே தெருவில் இன்னொருத்தி தனக்கும் அப்படித்தான் என்று சொன்னாள், அப்புறம் மற்றொருத்தி. சொன்னவர்களை எல்லாம் என் கைப்பைக்குள் இருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டேன். அரசாங்கப் பதிவேட்டில் இதற்கெனக் கட்டம் கிடையாது. கருத்தடைக்குக் கட்டம் உண்டு, தடுப்பூசிக்கு உண்டு. ஒரு பெண் எட்டு வருஷமாகத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்பதற்கு இல்லை.

டில்லிக்கு எழுதப்போகிறேன் என்று அந்த அக்காவிடம் சொன்னேன்.

"பேரு வேணாம் நர்ஸம்மா. மானம் போயிடும். ஆனா ஆப்ரேசன் இங்க திருத்தணியிலேயே பண்ணுவாங்கன்னா எழுதுங்க. காத்தால போயி படுத்துக்கிறேன். எங்க நாத்தனா சோறு கொண்டாருவா."

பதினோரு பக்கம் எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பேப்பரின் உள்பக்கத்தில் செய்தி வந்தது. நெசவாளர் பெண்களின் உடல்நலம் பற்றி அவள் சபையில் உருக்கமாகப் பேசினாளாம். 'நானே அந்த வீடுகளுக்குப் போனேன், அந்தப் பெண்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்' என்றாளாம்.

எங்கே போனாள்? எந்தத் தெருவில் எந்தக் கையைப் பிடித்தாள்? அந்தத் தெருவின் சாக்கடையைத் தாண்டத் தெரியுமா அவளுக்கு? தறிச் சத்தத்தில் காது அடைத்து, சாப்பிடாமல் நின்று கேட்டவள் நான். 'ஒரு செவிலியர் சொன்னார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நாக்கு தேய்ந்திருக்குமா? பேப்பரை மடித்து அடுப்பில் போட்டேன். அன்றைக்கு நான் வைத்த ரசத்தில் உப்பில்லை என்றார் வீட்டுக்காரர். அவரிடமும் சண்டை போட்டேன். ஒரு வாரம் வயிறு எரிந்தது.

அடுத்த மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்களுக்குக் கூட்டம். சுகாதார ஆய்வாளர் கையில் ஒரு ஃபேக்ஸ் தாளோடு அரக்கப் பரக்க வந்தார்.

"பார்லிமென்ட் கேள்விம்மா. மந்திரி பதில் சொல்லணுமாம். நாலு மணிக்குள்ள ஒவ்வொருத்தரும் உங்க ஏரியா விவரத்த எழுதிக் குடுங்க."

வாங்கிப் படித்தேன். திருத்தணி சுற்றுவட்டார நெசவாளர் பெண்களிடையே கர்ப்பப்பை இறக்கம் காணப்படுவது அரசுக்குத் தெரியுமா, ஆம் எனில் உள்ளூரிலேயே அறுவை சிகிச்சை முகாம் நடத்தப்படுமா? என் கடிதத்தின் நாலாம் பக்கம்தான். டில்லி வரைக்கும் போய், அங்கிருந்து சென்னை, மாவட்டம் என்று படிப்படியாக இறங்கி, என் கேள்வி என்னிடமே பதில் கேட்டு வந்து நின்றது. கீழே அவள் பெயர் இருந்தது.

எங்கள் வேலையில் 'நில் ரிப்போர்ட்' என்று ஒன்று உண்டு. ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுப்பது. இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனால் தமிழில் 'நில்' என்றால் என்னவோ அதையே அதுவும் செய்யும். அதைப் போட்டுவிட்டால் எந்தக் கேள்வியும் அதற்கு மேல் நகராது. எண்ணிக்கை எழுதினால் எப்போது பார்த்தாய், ஏன் மேலே சொல்லவில்லை என்று பத்துக் கேள்வி வரும். அதனால் பக்கத்து ஊர்களின் நர்ஸுகள் பேனாவைத் திறந்த கையோடு நில் போட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது, போட்டார்கள்.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "உங்க ஏரியாவுல தான் தறி ஜாஸ்தி. யாராச்சும் இருக்காங்களாம்மா?"

என் நோட்டு சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் பைக்குள்தான் இருந்தது. கையை விட்டால் எடுத்துவிடலாம். எடுத்தால், முகாம் வரும். ரிப்பன் வெட்ட அவள் வருவாள். பஸ் ஸ்டாண்டில் இன்னும் பெரிய போஸ்டர் ஒட்டுவார்கள். கைகளைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாமே, அவளே வந்து எண்ணட்டும்.

"ரெஜிஸ்டர்ல யாரும் இல்ல சார்" என்றேன். அது பொய்யில்லை. நில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

சில வாரம் கழித்து சுகாதார நிலையத்துக்குப் போன் பண்ணி என்னைக் கூப்பிட்டாள்.

"மூக்க அறுத்துட்டாங்கடி. அந்த ஏரியாவுல அப்படி ஒரு கேஸ்கூட இல்லன்னு ரிப்போர்ட் வந்திருக்குன்னு மந்திரி எழுந்து வாசிச்சுட்டார். எல்லாரும் சிரிக்கிறாங்க. எந்தப் படுபாவி அப்படி எழுதிக் குடுத்தாளோ! நீ அலைஞ்சு திரிஞ்சு எழுதினதெல்லாம் வீணாப் போச்சே."

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உன் பேரைச் சொல்லணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சுடி. கவர்மென்ட் வேலையில இருக்கறவ எம்.பி.க்கு எழுதினான்னு தெரிஞ்சா உனக்கு மெமோ குடுத்துடுவாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. அதான் நானே போயி பாத்த மாதிரி பேசித் தொலைச்சேன். நீ கோச்சிக்கலியே?"

"சீ, இதுக்குப் போய் யாராவது கோச்சிப்பாங்களா?" என்றேன். போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். எதிராளிக்குச் சகுனத்தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்கிறவளாவது வலியைத் தானே படுவாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் அறுத்தது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. திருத்த வழி உண்டா என்று ஆய்வாளரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "சபையில படிச்சாச்சும்மா, இனிமே மாத்தினா எல்லாருக்கும் வேலை போயிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் வேலையை நினைத்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த தடுப்பூசி நாளில் அந்த அக்கா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"டில்லியில கேட்டாங்களாமே நர்ஸம்மா? பதிலு வந்திச்சா?"

"வந்துச்சுக்கா."

"இன்னா சொன்னாங்க? எப்போ வராங்களாம்?"

"வரலக்கா. இந்தப் பக்கம் அப்படி யாருமே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. பேரனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி, எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

"ஆங், அவங்கள சொல்லி இன்னா பண்றது? அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? உங்க ஒருத்தர்கிட்ட தானே நாங்க சொன்னோம்."