மிரண்டாவின் கட்டைவிரல்

கத்திரிக்கோலில் இடது கை, வலது கை என்று உண்டு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் முப்பது வருடமாக முடி வெட்டிய அழகர்சாமிக்கே இது தெரியாது என்றால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. ஆனால் மிரண்டாவின் ஆறு வருடம் அப்படித்தான் போயிற்று.

மிரண்டா பூன் லே வட்டாரத்துக்காரி, இடது கைக்காரி. சாப்பிடவும் சிலுவை போடவும் வலது கைதான் என்று அவள் அம்மா அற்புதமேரி சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார். இட்லியை நோக்கி இடது கை நகர்ந்தால் கரண்டி பறக்கும். கீழ்வீட்டுக்காரர்களும் சேர்ந்து குனிவார்கள். ஆனால் கத்திரியைப் பிடித்தால் மட்டும் அந்த வலது கை மரக்கட்டையாகிவிடும்.

பத்தொன்பது வயதில் அழகர்சாமி நடத்தும் பெண்கள் சலூனில் சேர்ந்தாள். அங்கே முதலில் தலை கழுவும் தொட்டி. வெட்டத் தேர்ந்தவருக்குத்தான் நாற்காலி. சேரும்போதே ஆளுக்கொரு கத்திரி தருவார். ஓய்வு நேரத்தில் பொம்மைத் தலையில் பழக வேண்டும்.

மிரண்டா இடது கையால் பழகினாள். கத்திரியை மூடினால் முடி அறுபடாமல் அலகுகளுக்கு நடுவே மடிந்து படுத்துக்கொண்டது.

"கூர் போயிருச்சு சார்."

அழகர்சாமி அதை வாங்கி, வலது கையால் சரக்கென்று வெட்டிக் காட்டினார். "கூர் கத்திரியில இருக்கு. உனக்குத்தான் இல்ல லா."

அவளும் அதை நம்பிவிட்டாள்! கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் பலமாக இழுத்துக்கொண்டு மூடினால் ஓரளவு வெட்டுகிறது என்று தானாகவே கண்டுபிடித்தாள். ஆறாம் வருடத்தில் அந்த விரலில் ஒரு கப்பலைக் கட்டிப்போடலாம். ஆனாலும் வெட்டு கோணல்தான். பின்னால் வந்த சரத்துக்குப் பதினாலு மாதத்தில் நாற்காலி. இவளுக்கு இன்னும் ஷாம்பு.

போன மாதம் அழகர்சாமி முடிவாகச் சொன்னார்: "வர்ற சனிக்கிழமை நிஜத் தலையில பாப் வெட்டு. ரெண்டு பக்கமும் சமமா வந்தா நாற்காலி. இல்லன்னா வேற வேலை தேடிக்கோம்மா."

அந்த வாரம் திங்கட்கிழமை சாணை பிடிக்கப் புதிதாக நூர்தீன் என்பவர் வந்தார். மிரண்டாவின் கத்திரியை வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரோடது? ஒரு மாதிரியா தேஞ்சிருக்கே. கட்டைவிரலால இழுத்து இழுத்து வெட்டுறாங்களா?"

"நான்தான் பாய்." இடது கையைக் காட்டினாள்.

"அல்லாவே! இது வலது கைக் கத்திரிம்மா!"

ஓடிக்கொண்டிருந்த ஹேர் டிரையர் கூட வாயை மூடிக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

"கத்திரிக்கு ஏது பாய் கை?" என்றார் அழகர்சாமி.

"வலது கையில மூடினா அலகு ரெண்டும் நெருங்கும். இடது கையில மூடினா விலகும். விலகினா முடி மடியத்தானே செய்யும்? இடது கைக்குன்னே தனியா வருது. உங்களுக்குத் தெரியாதா?"

அழகர்சாமி தன் கத்திரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிரண்டா ஓடிப்போய்த் தொட்டியருகே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் நூர்தீன் புதுக் கத்திரி கொண்டுவந்தார். மிரண்டா ஆசையாக மூடினாள். முடி மடிந்தது! இதிலுமா?

"அப்போ நிஜமாவே எனக்குத்தான் கூர் இல்லையா பாய்?"

அவர் அவள் விரலையே கவனித்தார். "கத்திரி புதுசு, விரல் இன்னும் பழசையே வெட்டுது. இழுக்காத. சும்மா மூடு."

ஆறு வருடம் கற்ற ஒரே வித்தையை நாலு நாளில் மறக்க வேண்டும். சொல்லுங்கள், நடக்கிற காரியமா? ஈரமான டிஷ்யூ தாளைக் கிழியாமல் வெட்டினால் விரல் பழகிவிட்டது என்றார் நூர்தீன். வீட்டில் அவள் வெட்டிக் குவித்ததில் பூன் லேயில் பனி பெய்திருக்கிறது என்று பக்கத்து பிளாக்கில் வதந்தி. வெள்ளிக்கிழமை மாலைதான் ஒரு தாள் சுத்தமாக அறுந்து விழுந்தது.

சனிக்கிழமை, தலை தருவதாகச் சொன்ன தோழி வரவில்லை. வந்தது அற்புதமேரி, இடுப்பைத் தொடும் பின்னலோடு.

"என் தலையில வெட்டு. வேலை போயிரக் கூடாதுல்ல." உட்கார்ந்தவர் கண்ணாடியில் பார்த்துத் துள்ளினார். "இடது கையாலயாடி தலையில கை வைக்கிற?"

"வலது கையால வெட்டினா காது போயிரும்மா."

"மாதாவே!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பின்னல் விழுந்தது. வலது பக்கம் சீராக வந்தது. இடது பக்கத்தில் விரலுக்குப் பழைய புத்தி வந்து இழுத்தது. ஒரு கற்றை மடிந்தது. அழகர்சாமி தொண்டையைச் செருமினார். மிரண்டா கத்திரியைக் கீழே வைத்தாள். கையை உதறி, விரலைத் தளர்த்தி, மறுபடி எடுத்து மூடினாள். சரக்.

அழகர்சாமி சீப்பு வைத்து இரு பக்கமும் அளந்தார். "சமமாத்தான் இருக்கு."

"இல்ல சார். இடது பக்கம் ஒரு நூல் நீளம்." அதையும் வெட்டினாள்.

அழகர்சாமி காலியாக இருந்த நாற்காலிக்குப் போனார். அதன் வலப்பக்கம் நின்ற, கத்திரி சீப்பு வைக்கும் சாமான் வண்டியை உருட்டி இடப்பக்கம் நிறுத்தினார்.

அப்போதுதான் அற்புதமேரி கண்ணைத் திறந்தார். அவர் போட்ட கூச்சலில் பக்கத்துத் தேக்கா சந்தையில் கத்தரிக்காய் நிறுத்தவர் எடைக்கல்லைக் கீழே போட்டாராம். ஆனால் கூச்சல் பாதியில் நின்றது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பின்னாலயும் கண்ணாடி வச்சுக் காட்டுடி" என்றார்.