ஹார்னை அறுப்பதா, பொறுப்பதா?

போன வாரம் ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் ஒரு கொலை நடந்துவிட்டதாகவே நினைத்தேன். மாண்டது – ஒரு ஃப்ரெஞ்ச் ஹார்ன். ஆயுதம் – புளி. கைவரிசை – என் மனைவி சாந்தி.

பதறாதீர்கள். உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே பதறி முடித்துவிட்டேன்.

ஃப்ரெஞ்ச் ஹார்ன் பார்த்திருக்கிறீர்களா? பித்தளையில் ஒரு பெரிய ஜாங்கிரி பிழிந்து, அதன் வாலில் புனலைச் செருகினால் எப்படியிருக்கும்... அப்படி. ராணுவ பேண்டில் இருந்த என் சித்தப்பாவுடையது. அவர் கைக்கு வரும்போதே அது கிழடு. ரிட்டயராகி ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்த பிறகும் வீட்டு விசேஷம் எதையும் அவர் ஊதாமல் விட்டதில்லை. தை மாதம் பேத்திக்குக் கல்யாணம். தாலி ஏறியதும் ஊதுவதாக அவளுக்கு வாக்கே கொடுத்திருக்கிறார்.

ஆவணியில் ஒருநாள் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்து, ஹார்னை என் மடியில் வைத்தார்.

“ஏலே, இதுல காத்துதான் வருது, சத்தம் வரமாட்டேங்குது. வயசாயிருச்சு போல. ஒனக்குத்தான் இன்டர்நெட்டெல்லாம் அத்துப்படியாச்சே... ஒரு வழி பண்ணு. பிள்ளைகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்.”

நான் ஊதிப் பார்த்தேன். எனக்கு பலூனே வராது. இது வருமா?

தளவாய்புரத்தில் பேண்ட் செட் வைத்திருக்கும் சேவியர் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊதிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டுக்கிடாயைப் பார்ப்பது போல ஒரு பார்வைதான்.

“பழசை வச்சு என்ன சார் செய்யப் போறீக? புனல் வாயை அறுத்து மரை போட்ருவோம். கழட்டி மாட்டலாம், பைக்ல கொண்டு போகலாம். வால்வைப் பூராத் தூக்கிட்டுப் புதுசு. மேல கோல்டு கலர் ஒரு கோட்டிங்... மாப்பிள்ளை கழுத்துச் செயினு தோத்துரும்!”

பழைய வாத்தியம் சேர்ப்பவர்களின் இணையக் குழுவில் போட்டோ போட்டேன். உலகமே அலறியது. அறுக்காதே! மாற்றாதே! அந்தக் கறுப்பு வெறும் கறுப்பல்ல, வரலாறு! துடைப்பதே குற்றம் என்று எழுதினார் ஒரு புண்ணியவான். அன்று முதல் ஹார்ன் பக்கத்தில் நான் மூச்சு விடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். மூச்சு விடுவதற்கென்றே செய்த பொருளின் பக்கத்தில்!

காலையில் நான் அறுக்கும் கட்சி. மாலையில் காக்கும் கட்சி. கட்சி மாறுகிறவர்கள்கூட நடுவில் ஒரு பொதுக்கூட்டமாவது போடுவார்கள்... எனக்கு அதற்கும் நேரமில்லை. மரை கழன்றது எனக்குத்தான். கடைசியில் அதைப் பழைய வேட்டியில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டேன். நம்மூரில் முடிவெடுக்க முடியாத எல்லாப் பொருளும் போய்ச் சேருமிடம் பீரோ மேல்தானே?

ஆயுத பூஜையன்று வாழைக்கன்றும் பொரியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறேன். அடுக்களையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், தலைகீழாக நீர் வடிந்தபடி ஹார்ன். கோயில் கலசம் தோற்றது. நெற்றி எது என்று தெரியாததால் மூன்று இடத்தில் சந்தனப் பொட்டு.

“ஏட்டி... என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!”

“விளக்கு தேச்ச புளி மிச்சமிருந்துச்சு. பீரோ மேல இது கருகுன சட்டி மாதிரி கெடந்துச்சு. ஆயுத பூசைக்கு அழுக்கோட எதையாவது சாமி முன்னால வைப்பாகளா?”

“அது அழுக்கில்லட்டி... வரலாறு!”

“எம்புட்டு வரலாறு! மூணு தண்ணி கறுப்பா ஓடுச்சு!”

நான் தரையில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். பூஜைக்கென்று சித்தப்பா. பின்னாலேயே, முந்தின நாள் காலை அறுக்கும் கட்சியில் இருந்தபோது நான் வரச்சொல்லியிருந்த மாஸ்டர், கையில் ஆக்ஸா பிளேடுடன்.

சித்தப்பா ஹார்னைத் தூக்கினார். அதில் தன் மீசையைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பரேடுக்கு ரெடி! பட்டாளத்துல தெனமும் இப்படித்தாம்லே மினுக்கணும். மங்கிக் கெடந்தா மைதானத்தைச் சுத்தி ஓட விட்ருவாக. ரிட்டயரான பொறவு எனக்குச் சோம்பேறித்தனம்... தேச்சே வருசமாச்சு.”

ஆக, நான் கண்ணுங்கருத்துமாகக் காப்பாற்றியது சித்தப்பாவின் சோம்பேறித்தனத்தை!

“அறுக்கதுக்கு முன்னால ஒரு தடவை சத்தத்தைக் கேட்டுக்குவோம்” என்று மாஸ்டர் வாங்கி ஊதினார். வீடு அதிர்ந்தது. திருடன் வந்தாலும் புரண்டு படுக்கும் பக்கத்து வீட்டு ராஜபாளையம் நாய் எழுந்து ஊளையிட்டது.

சத்தமே வராத ஹார்ன்!

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அவரும் வாங்கி, நெஞ்சு நிமிர்த்தி ஊதினார். புஸ்ஸ்ஸ்... கூடவே வாய்க்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

பொரித் தட்டோடு நின்ற சாந்தி கேட்டாள்: “சின்ன மாமா, போன மாசம் வந்தப்போ கடலையெல்லாம் பொறுக்கி ஓரமா வச்சீகளே... பல்செட் ஆடுதா?”

சித்தப்பா சாமி படத்தையே பார்த்தார்.

“செத்த ஆடுது. ஊர்ல சொல்லிராத தாயி.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பட்டாளத்துல ஊதுனவன் எனக்கு ஊத முடியலன்னு எப்படிலே சொல்லுவேன்? ஹார்னுக்கு வயசாயிருச்சுன்னு சொல்றது லேசா இருந்துச்சு.”

சிரிக்க வாயெடுத்த நான் மூடிக்கொண்டேன். கண் டாக்டரிடம் போக வேண்டியவர் பெரிய டி.வி. வாங்குகிறார். தொப்பையைக் குறைக்க வேண்டிய நான் டெய்லரைத் திட்டுகிறேன். பாவம், பித்தளைக்கு மறுத்துப் பேச வாயில்லை... வாய் இருந்தும்!

இந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பல் டாக்டரிடம் மூன்று பேராகப் போனோம்: சித்தப்பா, நான், ஹார்ன். டாக்டர் பல்செட்டைத் தேய்ப்பார், மாட்டுவார். சித்தப்பா நாற்காலியில் சாய்ந்தபடி ஊதுவார். வெளியே பல்வலியோடு காத்திருந்தவர்களில் சிலருக்கு, டாக்டர் தொடாமலேயே வலி நின்றுவிட்டது போலிருக்கிறது. எழுந்து போய்விட்டார்கள். கடைசியாக வந்தது ஒரு சத்தம்... தெரு திரும்பிப் பார்த்தது. சித்தப்பா துண்டால் ஹார்னைத் துடைத்தார். கண்ணையும் அதே துண்டால்.

இணையக் குழுவில் விடாமல் கேட்கிறார்கள், கஸ்டமைஸ் செய்தாயா, காப்பாற்றினாயா என்று. “ஹார்னில் பிளேடு படவில்லை, ஊதுகிறவரைத்தான் கொஞ்சம் கஸ்டமைஸ் செய்தோம்” என்று பதில் போட்டிருக்கிறேன்.

புளி விஷயத்தைச் சொல்லவில்லை. நீங்களும் மூச்சு விடாதீர்கள்!